கரும்பலகை இறங்கி வந்த கதை

எம் ஊர் மங்கலம்பேட்டைக்கு அண்மையிலுள்ள விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில், களிமண் குழம்பை அச்சில் ஊற்றுகிறார்கள். ஆயிரம் முறை ஊற்றினாலும் ஆயிரம் கிண்ணமும் ஒரே அளவு, ஒரே வடிவு! விரிசல் கண்டது விலக்கப்படும், வளைந்தது வீசியெறியப்படும். கிண்ணத்துக்கு அது பொருந்தும். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொருந்துமா?

பொருந்தும் என்றெண்ணித்தான் நெடுங்காலமாகப் பள்ளி அறைகளைக் கட்டி வந்தோம். ஒரே உயரத்தில் பலகை, ஒரே அளவில் பெஞ்சு, ஒரே வேளையில் எல்லோர்க்கும் ஒரே பாடம்! அந்த அச்சில் அடங்காத பிள்ளைக்கு 'மக்கு' என்று பட்டம் சூட்டினோம். நடக்க இயலாத பிள்ளையை 'முன்வினைப் பயன்' என்று முத்திரை குத்தி மூலையில் அமர்த்தினோம். பிழை பிள்ளையிடம் இல்லை, அச்சில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. அந்தச் சிலர் செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன என்பதைத்தான் ஈண்டு ஆராய விரும்புகிறோம்.

பழைய திண்ணைப் பள்ளியிலிருந்து தொடங்குவோம். அங்கே பெஞ்சு இல்லை, மணி இல்லை, வகுப்புப் பிரிவும் இல்லை. மணலிலே விரல் வைத்து எழுதினான் சிறுவன். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். விரைந்து கற்றவன் விரைந்து சென்றான். மெல்லக் கற்றவன் மெல்லச் சென்றான். பிரம்படியும் மனப்பாடமும் மலிந்த இடம்தான் அது. எனினும், அவரவர் நடைக்கு இடங்கொடுத்த இடமும் அதுவே.

ஆனால் அந்தத் திண்ணையில் ஏறியவர் யார்? சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டு கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் தொகை வெளிவந்தது. பள்ளிகள் 12,498. மாணாக்கர் 1,88,650. அவர்களுள் பெண்கள் எத்தனை பேர்? வெறும் 4,540! சேரிப் பிள்ளையின் கால் படக்கூடாத திண்ணைகளோ எண்ணற்றவை. முறை நெகிழ்ந்திருந்தது, கதவு இறுகியிருந்தது. பழமையைப் பாராட்டுவோர் முதற்பாதியை மட்டும் படித்துக் காட்டுவர். நாம் இரண்டு பாதியையும் படித்தாக வேண்டும்.

திண்ணையின் முறை கடல் கடந்தும் சென்றது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்தார். மாணவனைக் கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் வழியைத் தம் இல்லத்தில் வகுத்தார். 1797-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தெங்கும் அது பரவியது. பரவிய இடத்தில் என்ன ஆயிற்று? நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் நிரப்பி, கட்டளைக்குக் கட்டளை எழவும் அமரவும் எழுதவும் வைக்கும் அணிவகுப்பாக ஆயிற்று! நெகிழ்ச்சி போயிற்று, சிக்கனம் மட்டும் நின்றது. அரசுப் பள்ளி முறை இந்நாட்டில் வேரூன்றியபோது, பெஞ்சும் மணியும் தேர்வுமாக அந்த இறுக்கமே நம் வகுப்பறைக்கும் வந்து சேர்ந்தது.

அதே காலத்தில் மற்றொரு போர் நடந்தது. அது கதவைத் திறக்கும் போர். 1920-இல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கத் தொடங்கியது. காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கிய மதிய உணவு நாடெங்கும் பரவியது. 1982-இல் சத்துணவாக விரிந்தது. பசி என்பதும் ஒரு படிக்கட்டுத்தான், தோழர்களே! அதைத் தகர்த்தபின் இலட்சக்கணக்கான பிள்ளைகள் உள்ளே வந்தனர். வந்தவர்களை வரவேற்ற அறையோ பழைய அறை! கதவு அகன்றது, அச்சு மாறவில்லை.

அச்சை மாற்றும் எண்ணம் எங்கே பிறந்தது தெரியுமா? அறிவில்லாதவர் என்று உலகம் ஒதுக்கிய குழந்தைகளிடையே பிறந்தது. இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, அறிவு வளர்ச்சி குன்றியோர் எனப்பட்ட பிள்ளைகளுடன் உரோமாபுரியில் பணியாற்றினார். இத்தார், செகுவான் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் வழியைப் பின்பற்றி, தொட்டும் எடுத்தும் அடுக்கியும் கற்கும் கருவிகளைப் படைத்தார். அப்பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றனர். அப்போது அவர் உள்ளத்தில் எழுந்த வினா வேறு: இவர்கள் இவ்வளவு முன்னேற முடியுமானால், நலமாயுள்ள பிள்ளைகளைப் பள்ளிகள் என்ன செய்து வைத்திருக்கின்றன?

1907 சனவரி 6-இல், சான் லொரென்சோ என்னும் ஏழையர் குடியிருப்பில் அவரது குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. மேசை சிறியது, நாற்காலி சிறியது, பிள்ளையே தூக்கி நகர்த்தலாம். அலமாரி பிள்ளையின் கைக்கெட்டும் உயரம். உப்புத்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி அறிந்தது குழந்தை. நம் திண்ணை மணலின் தங்கையல்லவா அந்த உப்புத்தாள்!

1939-இல் அம்மையார் அடையாற்றுக்கு வந்தார். உலகப் போர் மூண்டதால் இங்கேயே தங்க நேர்ந்தது. கோடைக்கானலிலும் வாழ்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். ஆயினும், ஏழையர் குடியிருப்பில் பிறந்த முறை இந்நாட்டில் பெரும்பாலும் கட்டணம் செலுத்தும் வீட்டுப் பிள்ளைகளின் சொத்தாயிற்று. மீண்டும் அதே கதை: அறை நெகிழ்ந்தது, கதவு இறுகியது.

இரண்டையும் ஒருங்கே திறக்க முயன்றது செயல்வழிக் கற்றல். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியினர், ஓராசிரியர் பள்ளிகளுக்கென வகுத்த அட்டை முறையை, எம். பி. விஜயகுமார் என்னும் ஆட்சிப்பணி அலுவலரின் முயற்சியால், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினர். 2007-08 கல்வியாண்டில் தமிழ்நாட்டின் 37,000-க்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிந்தது.

அந்த அறையை நினைத்துப் பாருங்கள். பெஞ்சு போயிற்று, பாய் வந்தது. ஆசிரியரும் தரையில் அமர்ந்தார். சுவரின் உச்சியில் வீற்றிருந்த கரும்பலகை, பிள்ளையின் தோள் உயரத்துக்கு இறங்கி வந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பங்காகப் பிரிந்தது! பாடம் சிறு சிறு படிகளாகிக் கற்றல் ஏணியில் ஏறியது. தன் படி எது, தன் அட்டை எது என்று பிள்ளையே அறிந்து எடுத்தது. கரும்பு வெட்டப் போகும் பெற்றோருடன் சென்று திரும்பிய பிள்ளை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 'பாடம் போய்விட்டது' என்று அழ வேண்டியதில்லை.

குறையே இல்லையா? உண்டு. அட்டைகள் தேய்ந்தன. ஆள் குறைந்த பள்ளியில் ஆசிரியரின் சுமை மிகுந்தது. 'பிள்ளை விளையாடுகிறது, படிக்கவில்லை' என்று பெற்றோர் முணுமுணுத்தனர். முறை எளிமையாக்கப்பட்டது, 2012-இல் முப்பருவப் புத்தகம் வந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிறந்து, ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்க முனைந்தது. அதற்கு முன்பே, 2019-இல், 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டிருந்தன. பெயர்கள் மாறின, பிள்ளைக்கேற்ப அறை வளைய வேண்டும் என்ற உண்மை மாறவில்லை.

இன்னும் வாசலில் நிற்பவர் யார்? சக்கர நாற்காலிப் பிள்ளை. கண்ணொளி இழந்த பிள்ளை. காது கேளாத பிள்ளை. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் தடையற்ற வழி வேண்டும் என்கிறது. 2016-இன் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் அனைவரையும் உள்ளடக்கிய கல்வி வேண்டும் என்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. சரிவுப்பாதை எங்கே இருக்கிறது? இருக்கும் இடத்திலும் எப்படி இருக்கிறது? ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. நான்கடியில் முடித்துக் கணக்குக் காட்டினால் அது பாதையன்று, சறுக்குமரம்!

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ், சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டவர். கல்லூரிப் படிக்கட்டுகளில் பிறர் தூக்கிச் செல்லப் படித்தவர். கட்டியபின் ஒருவருக்காக இடிப்பதைவிட, கட்டும்போதே எல்லோரையும் எண்ணிக் கட்டுவோம் என்பது அவர் தந்த கொள்கை. சரிவுப்பாதையில் சக்கர நாற்காலி மட்டுமா ஏறும்? பேரனின் கைபிடித்து வரும் பாட்டியும் ஏறுவார். தொட்டறியும் எழுத்து கண்ணில்லாதவனுக்கு மட்டுமா? கண்ணிருந்தும் தடுமாறுபவனுக்கும் அதுவே துணை.

எனவே, தோழர்களே! உங்கள் ஊர் அங்கன்வாடிக்குச் செல்லுங்கள். வாசற்படியை அளந்து பாருங்கள். கரும்பலகை யார் உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கழிவறைக் கதவில் சக்கர நாற்காலி நுழையுமா என்று பாருங்கள். தெருவில் எந்த வீட்டுத் திண்ணையில் பள்ளி செல்லாத பிள்ளை அமர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். 'அது அதன் தலைவிதி' என்பார்கள். விதியன்று, மூன்று படிக்கட்டு! அந்தப் படிக்கட்டை மனிதன் கட்டினான்; மனிதனே மாற்றலாம். அளந்ததை எழுதி ஊராட்சிக்குக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுந்து பேசுங்கள். உயரத்திலிருந்த கரும்பலகை ஒருமுறை இறங்கி வந்தது. வாசற்படியும் இறங்கி வரட்டும்!