அறுந்த இழை

ராக்கெட் பார்க்கப் போகிறோம் என்றதும் என் பெண்ணுக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அப்பாவோ தறியை விட்டு எழாமலே, "எந்த வழியாப் போறே?" என்று மட்டும் கேட்டார். ஏனாத்தூரிலிருந்து திருவள்ளூர் போய், அங்கிருந்து சூலூர்ப்பேட்டை என்றேன். "அப்போ புள்ளலூர்ல அஞ்சு நிமிஷம் நிறுத்து. முதல் ராக்கெட்டை விட்ட இடத்தைக் குழந்தை பார்க்க வேண்டாமா?" என்றார்.

அப்பாவின் பேச்சில் கொஞ்சம் மிகை உண்டு. ஆனால் ஆதாரமில்லாத மிகையல்ல. 1780 செப்டம்பர் 10-ந் தேதி, காஞ்சிக்கு வடக்கே சில மைலிலுள்ள அந்தப் புள்ளலூரில்தான் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை முறியடித்தார்கள். மைசூர்க்காரர்களின் வாணங்களைப் பார்த்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் திகைத்தார்கள். காகிதக் குழாய்க்குப் பதில் இரும்புக் குழாய். அதனால் மருந்தின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு வெகுதூரம் பறந்தது. வால் போல ஒரு நீண்ட மூங்கில். காஞ்சியில் தங்கியிருந்த ஜெனரல் மன்றோ சேதி கேட்டதும் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார்.

இதைச் சொல்லிப் பெருமைப்படலாம்தான். ஆனால் வாணம் விட்டவர்கள் எங்கள் சீமைக்கு விருந்தாளிகளாக வரவில்லை. அந்த வருஷம் ஹைதரின் குதிரைப் படை போன வழியெல்லாம் ஊர்கள் எரிந்தன. புள்ளலூரில் இன்று நிற்கும் நினைவுத் தூண்கள்கூட, மறு வருஷச் சண்டையில் மாண்ட ஆங்கில அதிகாரிகளுக்காக எழுப்பியவை. வாணம் செய்த கொல்லனுக்கும் கல் இல்லை. வீடிழந்த குடியானவனுக்கும் கல் இல்லை.

"அப்புறம் அந்த ராக்கெட் என்ன ஆச்சு, தாத்தா?" என்றாள் பெண்.

"இழை அறுந்து போச்சு" என்றார் அப்பா.

உண்மைதான். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அங்கே கிடைத்த வாணங்கள் இங்கிலாந்துக்குப் போயின. காங்கிரீவ் என்பவர் அவற்றைப் பார்த்து மேலும் திருத்தமாகச் செய்தார். 1807-இல் கோபன்ஹேகன் நகரம் அந்த வாணங்களால் எரிந்தது. நம் தேசத்தில் மறுபடி ஒரு ராக்கெட் விண்ணை நோக்கிக் கிளம்ப 1963 நவம்பர் 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தும்பாவில் கிளம்பிய அதுவும் அமெரிக்காவில் செய்ததே. அந்நாளில் அமெரிக்கா சென்ற அப்துல் கலாம், அங்கே வாலப்ஸ் தீவின் ராக்கெட் தளத்தில் திப்புவின் வாணப் படையைத் தீட்டிய சித்திரம் தொங்குவதைக் கண்டு வியந்தார். நாம் மறந்ததை அவர்கள் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள்!

பழவேற்காடு ஏரியைக் கடந்து ஸ்ரீஹரிகோட்டா போய்ச் சேர்ந்தோம். 2019-இல் பொதுமக்களுக்கென்று திறந்த பார்வையாளர் மாடத்தில் நல்ல கூட்டம். அன்று 2023 ஜூலை 14. பிற்பகல் 2 மணி 35 நிமிஷம். முதலில் வெளிச்சம். பிறகு ஒரு வெண்புகைத் தூண். சப்தம் மட்டும் நிதானமாக வந்து நெஞ்சில் மோதியது. என் பெண் தாத்தாவின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

எல்லாரும் கை தட்டினார்கள். அப்பா தட்டவில்லை. "போன தடவை நிலாவில் இறங்கறப்போ விழுந்துடுச்சே, இது நல்லபடியா இறங்குமா?" என்றார். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் விக்ரம் விழுந்ததை அவர் மறக்கவில்லை. இதே தீவிலிருந்து 1979-இல் கிளம்பிய எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் விழுந்ததையும், கலாமும் தோழர்களும் மறு வருஷம் ஜூலை 18-இல் அதே ராக்கெட்டைக் கொண்டு ரோகிணியை விண்ணில் நிறுத்தியதையும் நான் சொன்னேன்.

அப்பா கேட்டுக்கொண்டார். "பாவு அறுந்தா தறியை உடைக்கிறதில்லைப்பா. உட்கார்ந்து ஒவ்வொரு இழையாப் பிணைக்கணும். அவ்வளவுதான்" என்றார்.

ஆகஸ்ட் 23-ந் தேதி மாலை விக்ரம் நிலவில் இறங்கியதை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அன்று அப்பா கை தட்டினார். பிறகு எழுந்து தறிக்குப் போய்விட்டார்; முந்தி இன்னும் கால் கஜம் பாக்கியிருந்தது.