மதம் மாறினால் பழைய கல்யாணம், வட்டிக் கடன் என்ன ஆகும்?

இஸ்லாத்தை ஏற்பவர்கள் பலருக்கும் முதலில் வரும் சந்தேகங்கள் இரண்டு: ஏற்கெனவே நடந்த கல்யாணம் செல்லுமா? வட்டிக்கு வாங்கிய கடனைக் கட்டணுமா?

கல்யாணம் செல்லுமா?

கணவன், மனைவி சேர்ந்தே மாறினால் பழைய திருமணமே தொடரும்; புதிதாக நிக்காஹ் தேவையில்லை. மனைவி மட்டும் மாறினால்? ‘இத்தா’ எனும் காத்திருப்புக் காலத்துக்குள் கணவரும் இணைந்தால் திருமணம் நீடிக்கும் என்பது மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்து.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்து முறைப்படி நடந்த திருமணம், ஒருவர் மதம் மாறியதாலேயே முறிந்துவிடாது. விவாகரத்து வாங்காமல் கணவர் மதம் மாறி இன்னொரு கல்யாணம் செய்தால் அது செல்லாது, குற்றமும்கூட. 1995-ல் சரளா முத்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்.

கடனைக் கட்டணுமா?

கட்டணும். வட்டியைத் தடுக்கும் குர்ஆன் (2:275-280), அசல் கடன் கொடுத்தவருக்கே சொந்தம் என்கிறது. கஷ்டத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கவும் சொல்கிறது.

அப்போ பேங்க் லோன்? ஒப்பந்தப்படி வட்டியும் கட்டியாக வேண்டும், மதம் மாறியதைக் காரணம் காட்ட முடியாது. முடிந்தவரை சீக்கிரம் அடைத்துவிடுங்கள், புதிதாக வட்டிக்கு வாங்காதீர்கள் என்பதே அறிஞர்களின் பொதுவான அறிவுரை.

இரண்டாவது திருமணமோ, கடன் தீர்வோ, முடிவெடுக்கும் முன் ஆலிமிடம் மட்டுமல்ல, வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.