காறையெலும்பு: பெயரும் மருத்துவ வரலாறும்

மார்பெலும்பின் மேற்பகுதியிலிருந்து தோள்வரை நீளும் எலும்பைத் தமிழர் காறையெலும்பு என வழங்கினர். காறை என்பது கழுத்தணி; அணி படியும் இடமே எலும்பிற்குப் பெயராயிற்று. இலத்தீனம் இதனைச் 'சிறுசாவி' என்னும் பொருளில் குறிக்கிறது. முன்னது இடத்தையும் பின்னது வடிவத்தையும் நோக்கிய பெயர்களாகும்.

கையை உடலின் நடுப்பகுதியோடு எலும்புவழி இணைப்பது இது ஒன்றே. கருவில் முதலில் எலும்பாகத் தொடங்கும் இது, ஏறத்தாழ 25 வயதளவிலேயே முழுமை பெறுகிறது. இதன் உட்பகுதிக்குப் பின்னே நுரையீரலின் உச்சி ஏறத்தாழ 2.5 செ.மீ. மேலெழுந்து நிற்கிறது. மூச்சுத் திணறும்போது இவ்வெலும்பைப் பற்றிய கழுத்துத் தசை மார்புக்கூட்டை உயர்த்தத் துணைசெய்கிறது.

கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட எட்வின் சுமித் பாப்பிரசு, இவ்வெலும்பு முறிந்தவரை மல்லாத்திப் படுக்கவைத்துத் தோள்களை விரித்து எலும்பைப் பொருத்துமாறு கூறுகிறது. சுசுருத சங்கிதை இதனை அட்சகம் என்கிறது. தென்திருவிதாங்கூர் வர்ம மரபில் காக்கட்டை என்னும் பெயர் வழங்குகிறது; அவ்விடத்து அடி ஊறு மிக்கதென ஆசான்மார் கருதினர். கைக்குச் செல்லும் பெருங்குருதிக்குழாயும் நரம்புக்கற்றையும் இவ்வெலும்பின் அடியிலேயே செல்வதால், அக்கருத்து உடற்கூற்றியலோடு ஒத்துள்ளது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்தது. தமிழில் மருத்துவம் கற்பிக்க முனைவோர்க்குக் காறையெலும்பு போன்ற வழக்குச்சொற்கள் ஆயத்தக் கலைச்சொற்களாகும். தமிழ்ப் பேரகராதியும் இச்சொல்லைப் பதிந்துள்ளது. இக்காலத்தில் 'காரை எலும்பு' எனவும் எழுதப்படுகிறது. காரை என்பது சுண்ணச்சாந்து. றகரம் ரகரமாகுங்கால் கழுத்தணி மறைந்து, பெயர்க்காரணமும் மறைகிறது. ஆதலின் கலைச்சொல்லாக்கத்தில் எழுத்துச் செம்மையும் மருத்துவ வரலாற்றுச் சான்றே எனலாம்.