ஓசோன் ஓட்டையைக் காட்டிக்கொடுத்த பழைய கருவி

ஆலையும் இல்லை, சாலையும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெறும் பனி. அங்கே மாசு ஏது என்றுதான் எவரும் கேட்பார்கள். ஆனால், ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த குளிர்சாதனப் பெட்டிகளின் குற்றம் அம்பலமானது அந்தத் தென் துருவத்தில்தான்!

1956ஆம் ஆண்டு, அனைத்துலகப் புவி பௌதிக ஆண்டை முன்னிட்டு, பிரிட்டனின் ராயல் சொசைட்டி அண்டார்க்டிகாவில் ஹாலி ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. மிதக்கும் பனித்தட்டின் மேல் அமைந்த நிலையம் அது. கோர்டன் டாப்சன் என்ற ஆக்ஸ்ஃபர்ட் அறிஞர் 1920களில் வடிவமைத்த கருவியைக் கொண்டு, வானில் ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்று அங்கே அளந்துவந்தனர்.

சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நிறுத்தும் குடைதான் ஓசோன். அந்தக் குடை மெலிந்தால் தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும். குடையோ மிக மெல்லியது. வானிலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தால், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனம்தான் தேறும்!

1974ஆம் ஆண்டு மொலினா, ரோலண்ட் என்ற இரு வேதியியல் அறிஞர்கள் ஓர் எச்சரிக்கை விடுத்தனர். குளிர்சாதனங்களிலும் வாசனைத் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோ கார்பன் வாயுக்கள் மேலே சென்று ஓசோனை அழிக்கும் என்றனர். உற்பத்தியாளர்கள் அதை ஏற்கவில்லை. சான்று எங்கே என்று கேட்டனர்.

சான்று ஹாலியின் குறிப்பேடுகளில் சேர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் அக்டோபரிலும் ஓசோன் குறைந்துவருவதை ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்லின் ஆகிய மூவர் கவனித்தனர். பழைய கருவி பழுதாகிவிட்டதோ என்ற ஐயம் எழுந்தது. வேறு கருவி கொண்டு அளந்தார்கள். அதுவும் அதையே சொன்னது.

அதே வேளையில் நாசாவின் துணைக்கோளும் வானிலிருந்து அளந்துகொண்டுதான் இருந்தது. ஆனால், மிகக் குறைவான எண்கள் பிழையாக இருக்கலாம் எனக் கணினியில் குறியிடப்பட்டு, ஒதுங்கிக் கிடந்தன.

1985ஆம் ஆண்டு மே மாதம், மூவரின் கட்டுரை 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அக்டோபர் மாத ஓசோனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருந்தது. உலகம் திடுக்கிட்டது. துருவக் குளிர்காலத்தின் கடுங்குளிரில் உருவாகும் மேகங்களில் குளோரின் தயாராகிறது. வசந்தத்தில் சூரியன் திரும்பியதும் அது ஓசோனைத் தின்கிறது. அடுத்தடுத்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தின.

1987ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி மாண்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. பின்னர் உலக நாடுகள் அனைத்தும் அதில் இணைந்தன. அந்த வாயுக்கள் பூமியைச் சூடாக்குவதிலும் வல்லவை. ஆகவே, அவற்றை நிறுத்தியது பருவநிலைக்கும் நன்மையாயிற்று. அண்டார்க்டிகா வானில் ஓசோன் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில்தான் முடியும் என்று ஐக்கிய நாட்டு அமைப்புகளின் 2022ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகிறது. கெடுத்தது சில பத்தாண்டுகள். ஆற்றுவதற்கோ ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு!

பனித்தட்டில் வெடிப்புகள் கண்டதால், 2017ஆம் ஆண்டு ஹாலியில் குளிர்காலத்தில் ஆட்கள் தங்குவது நிறுத்தப்பட்டது. அதன் பிறகு, கருவிகள் தாமாகவே இயங்கும்படி அமைக்கப்பட்டன. அளப்பதை மட்டும் கைவிடவில்லை.

பயன் உடனே தெரியவில்லை என்று 1970களில் அந்தக் கணக்கை மூடியிருந்தால் என்னவாகியிருக்கும்? ஓட்டை இருப்பது தெரிய இன்னும் தாமதமாகியிருக்கும். நோய் முற்றிய பிறகு வாங்கும் வெப்பமானி யாருக்குப் பயன்படும்?