பாட்டியின் நகையை அடகு வைக்கும் முன்

மாதக் கடைசியில் பால் மாவுக்குக் காசு தேடும் வீடுகளிலும் அலமாரியின் அடியில் ஒரு துணி முடிச்சு இருப்பதுண்டு. பாட்டி போட்டிருந்த காசுமாலை, அட்டிகை, காதிலிருந்து கழற்றி வைத்த தண்டட்டி. பால்மரம் வெட்டிய காலத்தில் ஒவ்வொரு பவுனாகச் சேர்த்தவை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகும் முடிச்சு கூடவே வந்துவிட்டது. பிப்ரவரி 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்தில் பள்ளி திறக்கும் மாதம் வந்தால் கை அந்த முடிச்சை நோக்கித்தான் போகும்.

அதற்கு முன், நகையில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு பவுன் 8 கிராம். இப்போதைய 916 நகையில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். பழைய நகைகளில் இந்தக் கணக்கு சரியாக வராது. பற்றவைத்த இடங்களில் தரம் குறையும். தண்டட்டி போன்றவற்றின் உள்ளே அரக்கு நிரப்பியிருக்கும். அட்டிகைக் கல்லின் எடை கழிக்கப்படும். எனவே தராசு காட்டும் எடைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் இடைவெளி உண்டு. இரண்டு கடைகளில் உரைத்துப் பார்ப்பது நல்லது.

காசுமாலையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். காசின் ஒரு பக்கம் அரசர் அல்லது அரசியின் தலையும், மறுபக்கம் குதிரை மேல் இருப்பவர் நாகத்தைக் கொல்லும் உருவமும் இருந்தால் அது பிரிட்டிஷ் தங்க நாணயமாக இருக்கலாம். அசல் நாணயம் ஒவ்வொன்றும் 7.98 கிராம், 22 காரட். தட்டார் தகட்டில் அடித்த லட்சுமி காசு அதைவிடப் பல மடங்கு லேசாக இருக்கும். இரண்டும் மாலையில் ஒரே மாதிரி மின்னும் என்பதுதான் சிக்கல்.

அடுத்தது வட்டி. 1972ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டப்படி, உரிமம் பெற்ற கடை மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. தவணை 6 மாதம். 5,000 ரிங்கிட் வாங்கினால் மாதம் 100 ரிங்கிட். ஆறாம் மாதம் மீட்க 5,600 ரிங்கிட் வேண்டும். அவசரத்துக்கு இது பெரிய பாரமில்லை. ஆனால் பலரும் மீட்பதில்லை, வட்டியை மட்டும் கட்டிச் சீட்டைப் புதுப்பிக்கிறார்கள். இரண்டு ஆண்டு அப்படி ஓடினால் வட்டி மட்டும் 2,400 ரிங்கிட், கடனில் ஏறக்குறைய பாதி. நகையோ இன்னும் கடையில். அந்த நிலையில், மனத்துக்கு நெருக்கமில்லாத ஒரு வளையலை விற்று மாலையை மீட்பதே லாபம்.

1992இல் திரங்கானுவிலும் கிளந்தானிலும் தொடங்கிய அர்-ரஹ்னு இன்னொரு வழி. முஸ்லிம் அல்லாதவர்களும் அங்கே அடகு வைக்கலாம். வட்டி கிடையாது, பாதுகாப்புக் கட்டணம் உண்டு. பல இடங்களில் அது வாங்கும் கடன் மீது அல்லாமல் நகையின் மதிப்பு மீது கணக்கிடப்படும். பெரிய மாலையை வைத்துச் சிறு தொகை வாங்குபவர் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடகுச் சீட்டு நகைக்குச் சமம். சீட்டு வைத்திருப்பவரே மீட்க உரியவர் என்று கருதப்படுவதால், தொலைந்தால் அன்றே கடைக்குச் சொல்ல வேண்டும்.

நகை யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. அம்மாவின் நகை மகளுக்கு என்பது வழக்கம், சட்டமல்ல. தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர் உயில் இல்லாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. கணவர் இருந்தால் அவருக்கும் பங்குண்டு. கூடப் பிறந்தவர்களிடம் கேட்காமல் அடகில் போய், ஏலத்தில் முடிந்த மாலையால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. பாட்டி உயிரோடு இருக்கும்போதே எது யாருக்கு என்று எழுதி, நகையைப் படமெடுத்து, எடையைக் குறித்து வைத்தால் போதும். அந்தத் தாளை நகையோடு சேர்த்து முடிந்து வைக்காமல் வேறிடத்தில் வைக்க வேண்டும். முடிச்சு திருடு போனால் காவல் நிலையத்தில் காட்ட அதுதான் இருக்கும்.