சிங்கப்பூர் – நியூயார்க்: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலான வான்வழித் தொலைவு சுமார் 15,349 கி.மீ. (8,288 கடல் மைல்). இடையில் எங்கும் இறங்காத பயணிகள் விமானச் சேவைகளில் உலகிலேயே நீளமானது இந்தத் தடத்தில்தான் நடக்கிறது. நியூயார்க்கை ஒட்டி, நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கும் நியூவர்க் நிலையத்துக்குத் தொலைவு சில கிலோமீட்டர் குறைவு.

இது பூமியின் வளைவையொட்டி அளக்கப்படும் பெருவட்டத் தொலைவு. சிங்கப்பூர் கிழக்கு 104 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியும் நியூயார்க் மேற்கு 74 பாகையை ஒட்டியும் உள்ளன. இரண்டையும் கூட்டினால் 178. அதாவது தீர்க்கரேகைக் கணக்கில் உலக உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்கள். அதனால் மிகக் குறுகிய பாதை வட துருவத்தை ஒட்டியே செல்லும். கணக்கைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க் வரை 49.4, ஆக 138 பாகை. பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 15,346 வருகிறது. சுவர் வரைபடத்தில் அளவுகோலை வைப்பவருக்கு இந்தப் பாதை கண்ணில் படவே படாது.

மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்தால் 17 மணி நேரம் கிடைக்கும். கால அட்டவணையோ 18½ மணியிலிருந்து 19 மணி வரை சொல்கிறது. ஓடுதளம் வரை ஊர்ந்து செல்வதும் ஏறி இறங்குவதும் அதில் அடக்கம். அதைவிட முக்கியம், விமானம் பெரும்பாலும் குறுகிய பாதையில் பறப்பதே இல்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக்காற்றை முதுகில் வாங்கிக்கொள்ள, பசிபிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்கா போகிறது. ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலானாலும் அதுவே லாபம். திரும்பும்போது பல நாள்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக மறுபடியும் கிழக்கு நோக்கியே வருகிறது. போய்வந்தவர் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார் என்றே சொல்லலாம்! தொலைவை நிலையான வேகத்தால் வகுத்துப் பயண நேரம் சொல்லும் கணக்கீடுகளை இந்தத் தடத்தில் நம்புவதற்கில்லை.

நியூயார்க் நேரம் குளிர்காலத்தில் 13 மணியும் கோடையில் 12 மணியும் பின்தங்கியது. குளிர்காலத்தில் சிங்கப்பூரில் நண்பகலில் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால், நியூயார்க்கில் அதே நாள் மாலை 5.40. எதிர்த்திசையில் திங்கள் இரவு 10 மணிக்கு ஏறுபவர் புதன் விடியலில் இறங்குவார்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 ஜூனில் ஏர்பஸ் ஏ340-500 விமானங்களைக் கொண்டு நியூவர்க் சேவையைத் தொடங்கியது. நான்கு எஞ்சின்களின் எரிபொருள் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. 2008-ல் 100 இருக்கைகள் கொண்ட முழு பிசினஸ் வகுப்பாக மாற்றிப் பார்த்தும் 2013 நவம்பரில் சேவை நின்றது. இரட்டை எஞ்சின் ஏ350-900 விமானத்தின் நெடுந்தூர வகை வந்தபின் 2018 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. கென்னடி நிலையச் சேவை 2020 நவம்பரில் வந்தது. இவ்விமானம் சுமார் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைக்க இருக்கைகள் 161 மட்டுமே: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94.

சாதாரண எகானமி வகுப்பு இதில் கிடையாது. அது வேண்டுவோர் அதே நிறுவனத்தின் ஃபிராங்க்ஃபர்ட் வழிச் சேவையில் செல்லலாம். பயணம் ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும்.