ஆவாரம்பட்டை முதல் குரோமியம் வரை: குழிக்குள் நின்றது யார்?

2015 ஜனவரி 31 அதிகாலை. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டி உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் சிக்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

சுத்தம் செய்யக் கட்டிய இடமே உயிரைக் குடித்தது எப்படி? நாம் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டார்கள். அதைப் பொற்காலம் என்று நாம் சொல்ல மாட்டோம். சுண்ணாம்புக் குழி அப்போதும் இருந்தது. தோல் வேலையை நம் தலையில் கட்டிய சாதி, அதைத் தொட்டதற்காகவே நம்மைத் தீண்டத்தகாதவர் என்றது. ஏற்றுமதி லாபமோ வேறு கைகளுக்குப் போனது.

1970-களில் அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, முழுதாகப் பதனிட்ட தோலை ஊக்குவித்தது. குரோமியம் பரவியது. பட்டையில் வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரே நாளில் முடிந்தது. கழிவு பாலாற்றில் கலந்தது.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதை அது பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றது. அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டத்துக்கு அன்று பெயர் வட ஆற்காடு அம்பேத்கர்!

ஆனால் தீர்வு குழாயின் கடைசியில் தேடப்பட்டது. சுத்திகரித்தால் நஞ்சு மறையாது, சேறாகத் தங்கும். அந்தச் சேறுதான் 2015-இல் உடைத்துக்கொண்டு வந்தது.

1998-இல் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் என்ற வேதியியலாளர்கள் பசுமை வேதியியலுக்கு 12 கோட்பாடுகளை வகுத்தார்கள். முதல் கோட்பாடு: கழிவை உண்டாக்கிவிட்டுச் சுத்தம் செய்வதைவிட, உண்டாகாமல் தடுப்பதே மேல். முடி நீக்கப் போடும் சோடியம் சல்பைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அதற்குப் பதில் நொதிகளைப் பயன்படுத்தலாம். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மாற்று முறைகளை உருவாக்கியிருக்கிறது.

தோழர்களே, பசுமை வேதியியலை ஆறு, மரம் பற்றிய பேச்சாக மட்டும் பார்க்காதீர்கள். வேதிப்பொருளை முதலில் தொடுவதும் தொட்டிக்குள் இறங்குவதும் யார்? அந்த மனிதரின் மூச்சிலிருந்து கணக்கைத் தொடங்குவோம். வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தக் கேள்வியோடு ஆய்வகத்துக்குள் போகட்டும்.